கோதுமைப் பாலும் இரண்டு கரண்டி நெய்யும்

சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போய், அவர்கள் ஆசையாகச் சமைத்து வைத்த எதையும் தொடாமல், வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, ஒரே ஒரு வாழைப்பழத்தோடு எழுந்து வந்தவன் நான். அதோடு விட்டிருந்தால் மரியாதை தெரியாத ஆள் என்ற பெயரோடு தப்பித்திருப்பேன். நேராக மும்பையை ஒட்டிய தாணே ரயில் நிலையத்துக்கு வந்து, வாசலில் நின்று மூன்று வடாபாவ் தின்றேன். மூன்றாவது பாதி வாயிலும் பாதி கையிலுமாக இருந்தபோது, நான் மறந்து வைத்துவிட்டு வந்த குடையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஓடி வந்தார். குடையைக் கொடுத்தார். வடாபாவைப் பார்த்தார். என் மகளிடம் கற்றுக்கொண்ட தமிழில், "வயிறு இப்ப பரவால்லையா மாமா?" என்றார். வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் வீட்டில் கறியும் மீனும் புழங்கும். அதுதான் என் பிரச்சினை. நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தெருமுனையிலேயே நின்று தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிற கூட்டம். இது சம்பந்தி அம்மாவுக்குத் தெரியும். அதனால் எனக்காகப் புது வாணலி வாங்கி, அதில் உருளைக்கிழங்கும் பருப்பும் செய்திருந்தார். வாணலி புதியது என்று நான் நம்ப வேண்டும் என்பதற்காகக் கைப்பிடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட உரிக்காமல் விட்டிருந்தார். நான் அந்தச் சீட்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாழைப்பழத்தை எடுத்தேன்.

சம்பந்தி அம்மா கணவரை இழந்தவர். ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதாலோ என்னவோ, பேச்சும் முத்திரை குத்துவது மாதிரிதான் இருக்கும். ஒரு குத்து, அடுத்த கடிதம். என் மேல் கோபம் என்று அவர் ஒருநாளும் காட்டியதில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக, மகள் போனில் அவரைக் காட்டும்போதெல்லாம் முதல் கேள்வியாக என் வயிறு எப்படி இருக்கிறது என்று இந்தியில் விசாரிப்பார். என் மனைவிக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் நன்றாகப் புரியும். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவர்கள் யூதர்கள். மும்பைக்கு வேலைக்குப் போன மகள் போனில் முதலில் இதைச் சொன்னபோது, "கப்பல்ல வந்த வெள்ளைக்காரங்களா?" என்று கேட்டவன் நான். கப்பலில் வந்தது மட்டும் உண்மை. அது உடைந்த கப்பல். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கொங்கண் கரையோரம் அது பாறையில் மோதி உடைந்ததாம். ஏழு ஆண்கள், ஏழு பெண்கள் மட்டும் நீந்திக் கரையேறினார்களாம். வேதப் புத்தகம் உள்பட எல்லாம் கடலோடு போய்விட, மனதில் மிஞ்சியது ஒரே ஒரு பிரார்த்தனையும், சனிக்கிழமை வேலை செய்யக்கூடாது என்ற நினைப்பும்தானாம். பிழைப்புக்குச் செக்கு ஆட்டினார்கள். சனிக்கிழமை மட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை மகள் எனக்குச் சொன்னது நான் அங்கே போய் அசிங்கப்பட்டுவிட்டு வந்த பிறகு. எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் தெருவில் அமாவாசையன்று ஒருவரும் தறியைத் தொட மாட்டோம். இவர்கள் சனிக்கிழமை செக்கைத் தொட மாட்டார்கள். நமக்குப் புரிகிற ஜனம்தானே.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் உக்காந்து சாப்ட்டிருப்பேன் இல்ல?" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்பவும் சாப்ட்டிருக்க மாட்டீங்க. செக்குல இன்னா ஆட்டனாங்கன்னு கேட்டுக்கினு இருந்திருப்பீங்க," என்றாள்.

இந்தப் புரட்டாசியில் மகள் போன் செய்தாள். அவளும் மாப்பிள்ளையும் மாமியாரை அழைத்துக்கொண்டு ரயிலில் சென்னைக்கு வருகிறார்கள். இறங்கியதும் காரில் நேராகக் காஞ்சிபுரம். சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஏழு மணிக்கு அதே காரில் திரும்ப வேண்டும், மறுநாள் காலையில் சென்னையில் ஒரு கல்யாணம். அவர்களுடைய புது வருஷம் முந்தின வாரம்தான் பிறந்திருந்தது. புது வருஷத்துக்கும் அதற்கடுத்து வருகிற பெரிய உபவாசத்துக்கும் நடுவில் உள்ள நாட்களைப் பற்றி மகள் ஒரு குரல் பதிவு அனுப்பினாள்.

"நைனா, இந்தப் பத்து நாளைக்குள்ள, நாம யாருக்காச்சும் தப்பு பண்ணியிருந்தா நேர்ல பாத்து மன்னிப்பு கேட்டுக்கணுமாம். மனுஷங்களுக்குப் பண்ண தப்ப மனுஷங்கதான் மன்னிக்கணுமாம், சாமி அதுல தலையிடாதாம். நான் யாரையும் மனசுல வெச்சுக்கினு சொல்லலப்பா. சும்மா ஒரு தகவல்."

அந்தச் சும்மாவை நான்கு முறை கேட்டேன். மாமியாருக்கும் அப்பனுக்கும் நடுவில் ஒரு வருஷமாக மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு சமாதானம் என்று ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். சம்பந்தி அம்மா எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டால் அவளுக்கு மூச்சு வரும். அது எனக்குப் புரிந்தது. ஆனால் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யாரிடமும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே சமைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிபோற விஷயம்," என்றாள் மனைவி. "அதுக்கு இன்னாத்துக்கு அடுப்புப் பக்கம் வரீங்க? வாயில தறி நாடாவா சிக்கிக்கினு இருக்குது?"

நான் கேட்கவில்லை. போனில் யூதர் பண்டிகைச் சமையல் என்று தேடினேன். வெளிநாட்டு அம்மாள் ஒருவர் மாவைக் கயிறு கயிறாக உருட்டி, ஆறு இழையில் ரொட்டி பின்னிக்கொண்டிருந்தார். ஆறு இழைதானே. தறியில் ஆயிரக்கணக்கான இழையை ஒரே பாவில் ஏற்றுகிறவனுக்கு ஆறு இழை ஒரு வேலையா? பின்னினேன். தறிக்காரன் கை, இழை தளர்ந்தால் பொறுக்காது. ஒவ்வொரு பின்னலையும் இழுத்து இறுக்கினேன். மாவு உப்புவதற்கு இடமே இல்லாமல் அடுப்பிலிருந்து தாம்புக்கயிறாக வெளியே வந்தது. எதிர்வீட்டு மாட்டுக்கு வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"நைனா, அது வேற தேசத்து யூதருங்க பண்றது. இவங்க கொங்கண்காரங்கப்பா. புது வருஷத்துக்குக் கோதுமப் பால் எடுத்து அல்வா கிண்டுவாங்க. நீ அதப் பண்ணு. ஆனா தேங்காப் பால்லதான் பண்ணணும். நெய் கூடாது, பால் கூடாது. அன்னிக்கு மத்த அயிட்டத்துலயும் போடாத. நான் சொல்றது கேக்குதா?"

கேட்டது. என் காதில் ஒரு கோளாறும் இல்லை.

நெய் ஏன் கூடாது என்றும் விளக்கியிருந்தாள். கறியையும் பால் பொருளையும் அவர்கள் சேர்த்துச் சாப்பிட மாட்டார்கள், கறி தின்றால் சில மணி நேரம் விட்டுத்தான் பால், நெய், தயிர் எல்லாம். நான் யோசித்தேன். எங்கள் வீட்டில்தான் கறியே கிடையாதே. கறி இல்லாத இடத்தில் நெய் எதனோடு போய்ச் சேரப் போகிறது? இந்தச் சட்ட நுணுக்கத்தை மகள் கவனிக்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே சம்பா கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, மூன்று தடவை பிழிந்து பால் எடுத்து, தெளிய வைத்தேன். மறுநாள் காலையில் மேலே நின்ற தண்ணீரை இறுத்துவிட்டு அடியில் படிந்ததை உருளியில் ஊற்றினேன். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்ட ஆரம்பித்தேன். முதல் அரைமணி நேரம் அது பாவுக்குப் போடுகிற கஞ்சி மாதிரியே இருந்தது. அடுத்த அரைமணி நேரம் சுவருக்குப் பூசுகிற கலவை மாதிரி. புழுக்கம் வேறு. நடுவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. தறியில் உட்கார்ந்தே பழகிய இடுப்பு, நின்று கிண்டுவதற்கு ஒத்துழைக்க மறுத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து அல்வா திரண்டு வந்தது. வாயில் போட்டால் ருசி நன்றாகத்தான் இருந்தது. மகள் சொன்னபடி அங்கேயே இறக்கியிருக்க வேண்டும்.

ஆனால் அதில் மினுமினுப்பு இல்லை.

இதை வேறு ஊர்க்காரர்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. பட்டை வெளிச்சத்தில் விரித்து, சாய்த்து, அது பளிச்சென்று கண்ணில் அடிக்கிறதா என்று பார்த்தே வளர்ந்த கண் இது. மங்கலான எதையும் நல்லது என்று ஒப்புக்கொள்ளாது. அந்த அல்வா கறை படிந்த பருத்தித் துணி மாதிரி மந்தமாகக் கிடந்தது. இதைப் போய்ச் சம்பந்திக்கு வைப்பதா? ஜரிகை இல்லாத முகூர்த்தப் புடவையை மடித்துக் கொடுப்பது மாதிரி இருந்தது எனக்கு. அலமாரியைத் திறந்து நெய் ஜாடியை எடுத்தேன். ஒரு கரண்டி விட்டேன். ஓரமெல்லாம் பளபளத்தது. நடுப்பகுதி இன்னும் மந்தமாகவே இருந்ததால் இன்னொரு கரண்டி விட்டேன். இப்போது அல்வாவில் என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன், பாவி.

ஒரு தடவை ஜாடி திறந்த பிறகு கை நிற்கவில்லை. ஊரின் பெருமை என்று கோயில் இட்லி ஊற்றினேன்; மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் இல்லாமல் அது கோயில் இட்லியாகாது. காராமணிச் சுண்டலை நெய்யில் தாளித்தேன். ரசத்தையும் நெய்யில்தான் தாளித்தேன். பருப்பின் மேல் ஒரு கரண்டி விட்டேன். தயிர்சாதம் தயிர்சாதம்தான். இவ்வளவும் நடந்தபோது மனைவி கோலமாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"நெய் வாசன வருதே."

"பக்கத்து வீடு," என்றேன்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை முதலில் இறங்கினார். மகள் இறங்கி என்னைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கண்ணால் கேட்டாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். சம்பந்தி அம்மா நீலப் பருத்திப் புடவையில் இறங்கி, கைகூப்பி, "பாய் சாப், பேட் டீக் ஹை?" என்றார். வயிறு நலமா என்றுதான். நலம் என்றேன். மனைவி முந்தானையைத் தேடினாள்.

இலை போட்டோம். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் அல்வாவை வைத்தேன். சம்பந்தி அம்மா அதைப் பார்த்து, சந்தோஷமாகத் தலையசைத்தார். கோதுமைப் பால் எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு விள்ளல் எடுத்து வாயருகே கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார். அவருக்கு இருபது தமிழ்ச் சொல் தெரியும். எல்லாம் என் மகளோடு சமையலறையில் நின்று பொறுக்கிக்கொண்டவை. அதில் ஒன்றைச் சொன்னார்.

"நெய்?"

மகள் தன் இலையில் இருந்ததை முகர்ந்தாள். இட்லியை முகர்ந்தாள். சுண்டலை முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நைனா, நெய் போட்டியா?"

"வாசனைக்குக் கொஞ்சம்," என்றேன். "நம்ம வீட்லதான் கறியே இல்லியேம்மா. அப்புறம் இன்னா தப்பு?"

"அவங்க மதியம் ரயில்ல கோழி சாப்ட்டாங்க. ஒன்றரை மணிக்கு. ஆறு மணி நேரம் ஆவணும். ஏழரை வரைக்கும் நெய் தொட மாட்டாங்க. கார் ஏழு மணிக்குக் கிளம்புது."

கறி எங்கள் வீட்டுக்குள் வயிற்றில் ஏறி வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஆத்திரம் வந்தது. சைவ வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர் வழியில் கோழியைத் தின்றுவிட்டு வருவாரா? என்னைப் பழி வாங்கத்தான். ஒரு வருஷம் காத்திருந்து, கணக்காக நேரம் பார்த்துத் தின்றிருக்கிறார். அதை வாயைத் திறந்து சொல்லியும் தொலைத்தேன்.

"வேணும்னே பண்ணாங்களா?"

மகளின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஊர்லேந்து கட்டிக்கினு வந்த கோழி அது. மிச்சம் இருந்துச்சு. கறி டப்பா உன் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் ரயில்லயே தின்னு தீத்துட்டு, டப்பாவ சோப்பு போட்டுக் கழுவிக் காயவெச்சு எடுத்துக்கினு வந்தாங்க. நான்தான் சொன்னேன், நைனா எல்லாம் தேங்காப் பால்லதான் பண்ணியிருப்பாரு, நீங்க தைரியமா சாப்டுங்கன்னு. உன்ன நம்பி சொன்னேன்."

மாப்பிள்ளைக்கு எவ்வளவு புரிந்ததோ, குனிந்து தன் இலையின் நரம்புகளை எண்ண ஆரம்பித்தார். சம்பந்தி அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் என் மகளின் கண் நிறைந்ததைப் பார்த்தார். அவள் முதுகில் கை வைத்தார். அவர் இலையின் ஓரத்தில் வெறும் சாதமும் அப்பளமும் இருந்தன. வாழைப்பழமும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தால் எங்கள் கணக்கு நேராகியிருக்கும். ஊரே அவர் பக்கம்தான் பேசியிருக்கும். அவர் பழத்தைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

அங்கே நிற்க முடியாமல் சமையலறைக்குள் போனேன். பின்னாலேயே மனைவி வந்தாள்.

"எத்தினி கரண்டி?"

"ரெண்டு."

"பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லுச்சு. நான் சொன்னேன். பக்கத்து வீடாம், பக்கத்து வீடு. அவங்க ரெண்டு நாளா ஊர்லயே இல்ல." உருளியை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் மின்னுது. கண்ணாடியா மாட்டிக்கோங்க."

இப்போது சண்டை போடக்கூட எனக்குத் திராணி இல்லை. ஒன்றரை மணி நேரம் கிண்டிய தோள் வலித்தது. நான் செய்த ஒவ்வொரு பாத்திரத்தையும் மூடித் திறந்து பார்த்தேன். நெய் படாதது ஒன்றாவது இருக்குமா என்று. வெறும் சாதத்தையும் அப்பளத்தையும் விட்டால் தண்ணீர்ப் பானை ஒன்றுதான் தப்பித்திருந்தது. மணி ஐந்தே முக்கால்.

அப்போது சம்பந்தி அம்மா சமையலறைக்குள் வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். யாரையும் கேட்கவில்லை. அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். துவரம்பருப்பு, மூடினார். ரவை, மூடினார். அவல் டப்பா வந்ததும் எடுத்துக் கீழே வைத்தார். பிறகு சர்க்கரை. ஏலக்காய். மகளைக் கூப்பிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே நின்று எங்களுக்குச் சொன்னாள்.

அவர்களில் நெருப்பு ரதத்தில் ஏறி உயிரோடு வானத்துக்குப் போன தீர்க்கதரிசி ஒருவர் உண்டாம். அவர் ஒரு தடவை கொங்கண் பக்கம் இறங்கி வந்ததாகவும், குதிரைக் குளம்பும் ரதச் சக்கரமும் பதிந்த தடம் அங்கே ஒரு பாறையில் இன்னும் இருப்பதாகவும் நம்புகிறார்கள். வேண்டுதல் பலித்தாலும், வீட்டில் நல்லது நடந்தாலும், அவரை நினைத்து அவலில் தேங்காயும் சர்க்கரையும் ஏலக்காயும் பிசைந்து, பழம் வைத்து, எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அடுப்பு வேண்டாம். நெய் வேண்டாம். கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பாறையில் தடம் என்றதும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் சாமி கால் வைத்த கல்தான்.

"வீட்ல இப்ப இன்னா நல்லது நடந்துச்சாம்?" என்று மனைவி மகளிடம் கேட்டாள். மகள் அதை இந்தியில் கேட்டாள். சம்பந்தி அம்மாவிடமிருந்து வந்தது ஒரு தோள் குலுக்கல்தான்.

பழம் நறுக்க மகளும் மனைவியும் கூடத்துக்குப் போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். அவர் அவலைக் களைந்து பிழிந்தார். நான் தூணைப் போல நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தி புடவை விற்கிற இந்தி. நிறம், கரை, முந்தானை, சாயம் போகாது, இதற்கு மேல் குறைக்க முடியாது. மன்னிப்புக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. தொண்டையைக் கனைத்தேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கனைத்தேன்.

"போன வருஷம் என் வயிறு நல்லாத்தான் இருந்துச்சும்மா," என்று தமிழிலேயே சொன்னேன். "நீங்க புது வாணலியில பண்ணதும் தெரியும். தெரிஞ்சேதான் சாப்டாம வந்தேன். இன்னிக்கு நெய் போடாதன்னாங்க, போட்டேன். ரெண்டும் என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

பிழிந்த அவலைத் தட்டில் உதிர்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு புரிந்தது என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேடையில் இருந்த தேங்காய் மூடியை எடுத்து என் கையில் வைத்தார்.

"துருவுங்க."